கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளும் மக்களின் எதிர்வினையும்: தொல்காப்பிய மெய்ப்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளை மக்கள் ஏற்பதும் மறுப்பதும் அறிவு சார்ந்த செயல்களாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஏற்றவர் விழிப்புணர்வு உடையவர், மறுத்தவர் அறியாமையில் உழல்பவர் என்னும் பகுப்பு அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்த் தலையங்கங்களிலும் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. உணர்ச்சியைப் பற்றிப் பேசியவர்களும் அதனை அச்சம் என்னும் ஒரே சொல்லில் அடக்கினர். அச்சம் குறைந்தால் மக்கள் கூடிவிடுவர், மிகுந்தால் பதறிவிடுவர், ஆகவே அதனை அளவோடு ஊட்டவேண்டும் என்பதே அவர்தம் கருத்து.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் நிகழ்ந்தவை இக்கருத்துக்குள் அடங்குவன அல்ல. நோய்க்கு அஞ்சியவர்களே சந்தையில் நெருக்கியடித்துக் கூடினர். நோய்த்தொற்று ஐயம் உடையவர்கள் பரிசோதனைக்கு வராமல் ஒளிந்தனர். மருத்துவர்களைக் கைதட்டிப் போற்றிய நகரத்திலேயே ஒரு மருத்துவரின் உடலுக்கு இடுகாட்டில் இடம் மறுக்கப்பட்டது. இவற்றை விளக்க உணர்ச்சி ‘எவ்வளவு’ என்னும் கேள்வி போதாது. அது ‘எதனால்’ என்று கேட்கவேண்டும். அக்கேள்வியை முறையாகக் கேட்கும் பழைய நூல் ஒன்று தமிழில் உண்டு.

மெய்ப்பாடும் நிலைக்களனும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. இப்பகுப்பில் ஆய்வாளர் பலரும் எட்டு என்னும் தொகையையே எடுத்துக்கொண்டு வடமொழிச் சுவைக் கொள்கையோடு ஒப்பிடுவதில் முனைந்தனர். நிலைக்களன்களின் அருமை அவ்வொப்பீட்டில் ஓரளவு மறைந்துபோயிற்று.

சான்றாக அச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு ‘தம் இறை’ என்பதையும் அதன் நிலைக்களனாக நூல் வைக்கிறது. கொடிய விலங்கைக் கண்டு அஞ்சுவதும் தன்னை ஆளும் மன்னனைக் கண்டு அஞ்சுவதும் மெய்யில் ஒன்றுபோலவே வெளிப்படலாம். உள்ளம் நடுங்கும், உடல் ஒடுங்கும். ஆயின் அவற்றிலிருந்து பிறக்கும் செயல்கள் வேறு. விலங்குக்கு அஞ்சுபவன் ஓடுவான். இறைக்கு அஞ்சுபவன் மறைப்பான். அணங்குக்கு அஞ்சுபவன் வணங்குவான்.

இளிவரல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. இதனை வடநூலாரின் அருவருப்புச் சுவையோடு நிகராக வைப்பது வழக்கம். ஆனால் மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றை அதன் களன்களாகக் கொண்டதிலிருந்தே இது வெறும் அருவருப்பன்று என்பது தெளிவாகும். தன் நிலை தாழ்ந்தது, பிறர் கண்ணில் தான் குறைந்துவிட்டேன் என்னும் உணர்வும் இதில் அடங்கும். இதே களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் பிணியையும் வைத்தார். நோயை அச்சத்தின் களனாக வைக்காமல் இளிவரலின் களனாக வைத்திருப்பது இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். உரையாளர்கள் மெய்ப்பாடுகளைத் தன்கண் தோன்றுவன, பிறன்கண் தோன்றுவன எனப் பிரித்துக் காட்டும் முறையும் இங்குப் பயன்படும்.

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்குரிய இலக்கணமே அன்றி மக்கள் நடத்தையை ஆராயும் நூலன்று. அதன் நான்கு களன்களுக்குள் இருபத்தோராம் நூற்றாண்டின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் திணிப்பது முறையாகாது. ஓர் உணர்ச்சியை அதன் களனோடு சேர்த்தே அறிதல் வேண்டும் என்னும் நெறியை மட்டும் இங்குக் கடனாகப் பெறலாம்.

‘ஊரடங்கு’ என்னும் சொல்

2020 மார்ச் 24 மாலை முதல் தமிழகத்தில் 144 தடையுத்தரவும், மறுநாள் முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கமும் நடைமுறைக்கு வந்தன. இம்முடக்கத்துக்குத் தமிழ் இதழ்கள் வழங்கிய பெயர் ‘ஊரடங்கு’. ஊர் அடங்கும் நேரம் என்றால் இரவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பொழுது என்பதே பழைய பேச்சுவழக்கு. ஆனால் இதழியல் தமிழில் ‘ஊரடங்கு உத்தரவு’ என்பது கலவரக் காலத்துக்குரிய சொல்லாகப் பல்லாண்டுகளாக நிலைபெற்றிருந்தது. சாலையில் காவலர், கையில் தடி, வெளியே வந்தால் அடி என்னும் காட்சியையே அது மனத்தில் எழுப்பும். நோய்க் கட்டுப்பாடு ஒன்று கலவரக் கட்டுப்பாட்டின் பெயரோடு மக்களிடம் வந்து சேர்ந்தது. முதல் நாளிலிருந்தே அச்சத்தின் களன் நோயிலிருந்து இறைக்கு இடம்பெயர்ந்தது என்பதற்கு இச்சொல்லே முதற்சான்று.

இதன் விளைவு ஒரு மாதத்தில் வெளிப்பட்டது. ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு என ஏப்ரல் 24 அன்று அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது ஒரே நாள். அந்த 25 ஆம் தேதி காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் மக்கள் தோளோடு தோள் இடித்து நின்றனர். ஒரு மாதம் பேணிய இடைவெளி ஒரு பகலில் கரைந்தது. அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்றுகள் பல மாவட்டங்களிலும் கண்டறியப்பட்டன. மே 5 அன்று சந்தை மூடப்பட்டுப் பின்னர்த் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அச்சந்தைத் தொற்றுக்கு அந்த ஒரு நாள் கூட்டமே காரணம் என்று கூறிவிட இயலாது. சந்தை அதற்கு முன்பும் நெரிசலோடுதான் இயங்கியது. எனினும் 25 ஆம் தேதிக் கூட்டத்தை ‘அச்சமின்மை’ என்றோ ‘அலட்சியம்’ என்றோ அழைத்தது பிழை. கூடியவர்கள் அஞ்சியே கூடினர். கண்ணுக்குத் தெரியாத கிருமியைவிட, நாளைக் காலை ஆறு மணிக்கு வரப்போகும் ஆணை அவர்களுக்கு அணித்தாக இருந்தது. நான்கு நாளுக்குரிய அரிசியும் பருப்பும் வீட்டில் சேர்த்துவைக்க இயலாத குடும்பங்களுக்கு அது இன்னும் அணித்து.

அதே ஆண்டு ஜூனில், கடையை அனுமதித்த நேரத்துக்கு மேல் திறந்துவைத்ததாகச் சாத்தான்குளத்தில் கைதுசெய்யப்பட்ட தந்தையும் மகனும் காவல் கொடுமைக்கு உள்ளாகி இறந்தனர். அச்செய்தி பரவிய நாள்களில் மக்கள் பேச்சில் மேலோங்கியது அச்சமன்று, வெகுளி. வெகுளியின் களன்களாக நூல் கூறுவனவற்றுள் உறுப்பறுத்தலும், குடியைச் சார்ந்தோர்க்குத் தீங்கு செய்தலும், அலைத்தலும், கொலையும் உள்ளன. இறைபற்றிய அச்சம் ஓர் எல்லையைக் கடந்ததும் இக்களன்களுள் ஒன்றைத் தொட்டு வெகுளியாக மாறுகிறது.

இம்மாற்றம் புதியதன்று. 2020 இல் கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையாக அமைந்த சட்டங்களுள் ஒன்றான கொள்ளைநோய்ச் சட்டம் 1897 இல் பம்பாய் மாகாணப் பிளேக்கின்போது இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1896 அக்டோபரில், பம்பாய் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர்கள் தாக்கியிருந்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவோர் உயிருடன் திரும்பார், அங்கு உடல்கள் சிதைக்கப்படும் என்னும் வதந்திகள் அக்காலத்தில் பரவியிருந்தன. புனேயில் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து அடுப்படியும் பூசையறையும் பாராது சோதனையிட்டனர், பெண்டிரும் சோதிக்கப்பட்டனர். பிளேக் குழுவின் தலைவராயிருந்த ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். உடல் சிதைவு பற்றிய வதந்தி ‘உறுப்பறை’ என்னும் களனையும், வீட்டுச் சோதனை ‘குடிகோள்’ என்னும் களனையும் நேரே தொடுவதைக் காணலாம். பிளேக்கைப் பற்றி அம்மக்கள் அறியாதிருந்தனர் என்பது உண்மையே. அவர்களுடைய வெகுளிக்கு அந்த அறியாமை காரணமன்று.

வேப்பிலைக் கொத்தும் ஒட்டுவில்லையும்

நோயுள்ள வீட்டை அடையாளப்படுத்துவது தமிழகத்துக்குப் பழகிய செயல். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவர். அதைக் கண்டவர் உள்ளே வாரார். அவ்வீட்டார் பிறர் வீடு செல்லார், விருந்தழையார், தாளிதம் செய்யார். நோயாளி தனி இடத்தில் வேப்பிலை பரப்பிய படுக்கையில் கிடப்பார். முத்து இறங்கிய பின், ஒற்றைப்படை நாளொன்றில் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றுவர். அதன்பின்னரே வீடு பழைய நிலைக்குத் திரும்பும். மருத்துவ நோக்கில் பார்த்தால் இதில் அறிவிப்பு உண்டு, தனிமை உண்டு, தனிமைக்குக் காலவரையறை உண்டு, முடிந்தமைக்கு ஓர் அடையாளமும் உண்டு.

2020 இல் மாநகராட்சிப் பணியாளர்கள் ‘தனிமைப்படுத்தப்பட்ட வீடு’ என ஒட்டுவில்லை ஒட்டியதும் இதே பணிக்காகத்தான். சில தெருக்களில் வாசலை மறித்துத் தகரமும் அடிக்கப்பட்டது. செய்தி ஒன்றே, எழுந்த மெய்ப்பாடோ வேறு. ஒட்டுவில்லைக்கு அஞ்சி இருமலை மறைத்தவர்கள், மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்குவதற்கே தயங்கியவர்கள், தெருமுனையில் மாநகராட்சி வண்டி நின்றால் கதவைச் சாத்தியவர்கள் எனப் பலரை அந்த ஆண்டு கண்டது. 2020 மார்ச் இறுதியில் சென்னையில் நடிகர் கமல்ஹாசனுக்குரிய இல்லம் ஒன்றில் தவறுதலாக ஒட்டப்பட்ட வில்லை மாநிலச் செய்தியாகி, தாம் தனிமைப்படுத்தப்படவில்லை என அவரே அறிக்கை விடவேண்டியதாயிற்று. வேப்பிலை செருகிய வீட்டார் எவரும் மறுப்பறிக்கை விட்டதில்லை.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? மொழி இதனைக் காட்டிக்கொடுக்கிறது. அம்மை ‘வந்திருக்கிறாள்’, ‘விளையாடுகிறாள்’, ‘இறங்கினாள்’ என்பன மக்கள் வழக்கு. கொப்புளம் ‘முத்து’ எனப்படும். நோயாளி தெய்வம் தங்கிய உடம்புடையவர். அவரைக் கடிந்து பேசவும் வீட்டார் அஞ்சுவர். இங்கு அச்சத்தின் களன் அணங்கு. விலகி நிற்பது மரியாதையின் வடிவம். கொரோனாவிலோ ஒருவர் ‘பாசிட்டிவ்’ ஆனார். அவரை ‘எடுத்துக்கொண்டு போனார்கள்’ அல்லது ‘தூக்கிக்கொண்டு போனார்கள்’. பின்னைய தொடர்கள் காவல்துறை ஒருவரைப் பிடித்துச் செல்வதற்கு வழங்குபவை. பிணி இங்குத் தன் நேர்களனாகிய இளிவரலைத் தோற்றுவித்தது. நோயுற்றவரிடம் தன்கண் தோன்றியது நாணம், தெருவாரிடம் பிறன்கண் தோன்றியது விலக்கல்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வேப்பிலையைச் செருகும் கை வீட்டாருடையது. ஒட்டுவில்லையை ஒட்டிய கை வெளியாருடையது. கிழிக்கும் உரிமை வீட்டாருக்கு இல்லை. வேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் என்றொரு முடிவு இருந்தது. வில்லையோ பதினான்கு நாள் கழிந்தும் சுவரில் பசைத் தடமாகத் தங்கியது. ‘சமூக விலகல்’ என்னும் மொழிபெயர்ப்பு இந்த இளிவரலுக்கு மேலும் இடந்தந்தது. தெருவும் குளமும் சுடுகாடும் சாதியால் பிரிந்து கிடந்த ஊர்களில் அத்தொடருக்கு மருத்துவப் பொருள் மட்டும் இருக்க வழியில்லை. தமிழறிஞர்களும் இதழாளர்களும் சுட்டிக்காட்டிய பின்னரே ‘தனிமனித இடைவெளி’ என்பது ஓரளவு வழக்குக்கு வந்தது. கலைச்சொல்லாக்கத்தை அகராதிப் பணியாக மட்டும் கருதுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப்பார்க்கலாம்.

நோயாளியின் வீட்டுக்கு வெளியே அறிவிப்பு ஒட்டுவதை எதிர்த்த வழக்கில் 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ்த் தகுதியுடைய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டாலன்றி அவ்வாறு ஒட்டக்கூடாது எனக் கூறியது. அதற்குள் முதல் அலை ஏறத்தாழ ஓய்ந்திருந்தது.

அம்மை வழக்கத்தைப் பொன்னெனப் போற்றுவதும் பொருந்தாது. அணங்கின்மீதான அதே அச்சம் அம்மைத் தடுப்பூசியையும் நெடுங்காலம் தடுத்தது. அம்மனின் வருகையை ஊசியால் மறுப்பதா என்று அஞ்சினர். 2021 மே மாதத்தில் கோவை இருகூர்ப் பகுதியில் ஓர் ஆதீனம் ‘கொரோனா தேவி’ சிலையை நிறுவி வழிபாடு நடத்தியது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் உள்ள கோவையில் இது வியப்பன்று. எனினும் இம்முறை பிணி அணங்காக மாறவில்லை. தேவி செய்தியாக நின்றாளே தவிர வீட்டு வாசல்களுக்கு வரவில்லை.

இடுகாட்டு வாயிலில்

பிறன்கண் தோன்றும் இளிவரலின் உச்சத்தை 2020 ஏப்ரல் 19 இரவு காட்டியது. கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடல் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்யப்படவிருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அண்ணாநகரை அடுத்த வேலங்காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கும் ஒரு கும்பல் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது; அவசர ஊர்தி ஓட்டுநர் உள்ளிட்டோர் காயமுற்றனர். மனைவியும் மகனும் அவ்விடத்தில் நிற்க இயலவில்லை. நள்ளிரவை ஒட்டி உடன்பணிசெய்த மருத்துவர் ஒருவர், பணியாளர் இருவர் துணையோடு, மண்வெட்டியால் மண் தள்ளி அடக்கத்தை முடித்தார்.

இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே, நெறிமுறைப்படி கையாளப்படும் உடலிலிருந்து தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் இந்தியச் சுகாதார அமைச்சகமும் தம் வழிகாட்டுதல்களில் தெளிவுபடுத்தியிருந்தன. செய்தி இருந்தது, அந்த இரவில் அது வேலைசெய்யவில்லை. கல்லெறிந்தவர்கள் தம் உயிருக்கு அஞ்சினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், உயிருக்கு அஞ்சுபவன் நோயுடலை விட்டு ஓடவேண்டும். அவர்களோ அதனை நோக்கி வந்தனர். ஊரின் எல்லையைக் காப்பதாக, தூய்மையற்ற ஒன்றை வெளியே தள்ளுவதாக அவர்கள் கருதியிருக்கவேண்டும். அச்சமும் இளிவரலும் ஓருடம்பில் கலந்தபோது தோன்றிய வடிவம் இது. மார்ச் 22 மாலை இதே நகரத்து மாடிகளிலும் வாசல்களிலும் மருத்துவர்களுக்காகக் கையொலி எழுந்தது. அதனைப் போலித்தனம் என்று தள்ளிவிடலாகாது. அன்று எழுந்தது பெருமிதம். அதன் களன் மருத்துவரின் தறுகண்மை. ஏப்ரலில் அதே மருத்துவர் பிணியின் களனுக்குள் வந்துவிட்டார்.

சென்னை உயர் நீதிமன்றம் இதனைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 26 அன்று தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தோரின் அடக்கத்தைத் தடுப்பவர்க்கு மூன்றாண்டு வரை சிறை என அறிவித்தது. மற்றொரு முறை இறைபற்றிய அச்சமே மருந்தாக அளிக்கப்பட்டது. இவ்விடத்தில் அது பொருத்தமாகவும் இருந்தது என்றே சொல்லவேண்டும். பிறரை இழிவுபடுத்தும் செயலைத் தண்டனை தடுக்கும். தன்னைத்தானே இழிவாக எண்ணி ஒளிபவரை அது வெளியே கொண்டுவாராது.

தடுப்பூசியும் மருட்கையும்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி செலுத்திக்கொண்டு, அனைவரும் செலுத்திக்கொள்ளவேண்டும் எனச் செய்தியாளர்களிடம் பேசினார். மறுநாள் மாரடைப்புக்கு உள்ளாகி 17 ஆம் தேதி அதிகாலை காலமானார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என மருத்துவர்களும் சுகாதாரத் துறையினரும் உடனே விளக்கினர். பின்னர் ஒன்றிய அரசின் ஆய்வுக் குழுவும் அவ்வாறே முடிவுரைத்தது. ஆனால் ஊசி முகாம்களில் தயக்கம் பெருகியது.

இத்தயக்கத்தை வதந்தியின் விளைவு என்று மட்டும் சொல்வது குறை. விவேக் திரையில் மூடநம்பிக்கையை எள்ளி நகைக்கவைத்தவர். மரம் நடுதலை இயக்கமாக்கியவர். நகையும் பெருமிதமும் ஒருங்கே சேர்ந்த ஒருவர் மூலம் ஊசி அறிமுகமாயிற்று. அவருடைய இழப்பால் எழுந்த அழுகை அந்த ஊசியையும் பற்றிக்கொண்டது. மருட்கையின் களன்களுள் புதுமையும் ஒன்று. ஓராண்டுக்குள் உருவான மருந்து என்னும் புதுமை முன்பே வியப்பையும் ஐயத்தையும் ஒருசேரத் தந்திருந்தது. இரண்டு நாள் இடைவெளியில் நிகழ்ந்த இறப்பு அந்த மருட்கையை ஐயத்தின் பக்கம் சாய்த்துவிட்டது. புள்ளிவிவரம் அழுகைக்கு மறுமொழியாகாது.

அடுத்த மாதமே நிலை மாறியது. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் தொற்று உறுதியானது. ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாயிலில் உறவினர்கள் வெயிலில் நின்றனர். நோய் இப்போது எதிர்வீட்டுச் செய்தியாக இல்லை; ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் இழப்போ, இழப்பின் விளிம்போ இருந்தது. தெருவே நோயுற்றபோது ஒருவர் மட்டும் நாணுவதற்குக் காரணம் இல்லாமற்போனது. தடுப்பூசிக்கு ஆளில்லை என்ற நிலை மாறி ஆளுக்குத் தடுப்பூசி இல்லை என்றாயிற்று.

அந்த ஜூனில் கோவளம் மீனவர் பகுதியில் தன்னார்வலர்கள் ஊசி செலுத்திக்கொள்வோர்க்குப் பிரியாணியும், குலுக்கலில் தங்கக் காசும் வீட்டுப் பொருள்களும் அறிவித்தனர். பொதுநலனுக்குக் கையூட்டா என எள்ளியோர் உண்டு. ஆயினும் அங்கு நடந்ததை விலைபேசுதலாக மட்டும் காண வேண்டியதில்லை. உவகையின் களன்களுள் விளையாட்டும் உண்டு. ஊசி போடும் இடம் மருத்துவமனையின் சாயலை விட்டுத் திருவிழாப் பந்தலின் சாயலைப் பெற்றது. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் பள்ளிகளிலும் பேருந்து நிலையங்களிலும் நடந்த மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் செலுத்தப்பட்டன. அங்கு வரிசையில் நின்றவர் எவரும் நோயாளியாகக் குறிக்கப்படவில்லை. கடைக்குப் போகும் வழியில் நின்றனர், அண்டை வீட்டாரையும் அழைத்தனர்.

ஓர் உணர்ச்சி மற்றொன்றாக மாறும் முறையை மெய்ப்பாட்டியல் விரித்துரைக்கவில்லை. 2021 ஏப்ரலின் தயக்கம் மே மாதத்தில் வேட்கையாக மாறியது எவ்வாறு என்பதை அறிய, வில்லை ஒட்டப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோரின் வாய்மொழிகள் தொகுக்கப்படவேண்டும். நாட்டார் வழக்காற்றியல் துறையினர் அம்மை பற்றிய கதைகளையும் தாலாட்டுகளையும் தொகுத்த அளவுக்கு இவ்வாய்மொழிகள் இன்னும் தொகுக்கப்படவில்லை. சொல்லக்கூடியவர்களுள் முதியோர் பலர்.